கையுறை பெற்றுக்கொண்டோர்

அந்தக் கையெழுத்துகள் எல்லாம் என்னுடையவை, ஐயா.
ஞானப்பூவின் 'ஞா' கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
நேசதுரையின் கீழ்க்கோடு நீளமாய் இழுபட்டிருக்கும்.
மேகராசாவுக்கு எழுத வராது, பெருவிரல்;
அதுவும் என் பெருவிரல்தான்.
வேறு வேறு ஆட்கள் போட்டதுபோல் இருக்கட்டும் என்று
மூன்று நிறத்தில் பேனை தந்தார் மேற்பார்வையாளர்.

இருபத்திமூன்று பேர்.
கையுறை, முகக்கவசம், கண்ணாடி, சப்பாத்து.
நான் சாதாரணதரம் வரை படித்தவள்.
பாவற்கொடிச்சேனை வாழைத்தோட்டத்தில்
எழுத்து வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.
அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

சாமான் வந்தது உண்மை.
ஒரு பெட்டி, ஒரு புதன்கிழமை,
பழம் வாங்குகிற நாட்டிலிருந்து
இரண்டு பேர் பார்க்க வந்த நாள்.
போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம்.
இதயராணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
"என்ன கா, ஒப்பரேசனுக்கா போறம்?"
படம் எடுத்தார்கள்.
வாகனம் உன்னிச்சைப் பாதையில் திரும்பித்
தூசி அடங்குமுன்
வெறும் பெட்டியோடு வந்து நின்றார் மேற்பார்வையாளர்.
மறுகா எண்ணிப் பார்த்தார்.
ஒரு சோடி குறைந்தது.
என் சம்பளத்தில் வெட்டினார்.

குலைகளைப் பார்த்திருப்பீர்கள்.
ஒவ்வொன்றுக்கும் நீலப் பை, காம்பில் ஒரு கட்டு.
தோலில் புள்ளி விழக்கூடாது.
அந்தப் பையைக் கட்டிக்கொண்டு நாங்கள் நிற்க
அடுத்த வரிசையில் எண்ணெய் அடிப்பார்கள்.
கச்சானுக்கு வரிசை தெரியாது.

மேகராசாவின் டாங்கி ஒழுகும்.
முதுகின் வலது பக்கம்
சாரத்து மடிப்பு வரைக்கும்
வெள்ளையாய் ஒரு கோடு காய்ந்திருக்கும்.
சாக்கு மடித்து வைத்துப் பார்த்தான்.
சாக்கும் நனைந்தது.
வாசர் வரும், வரும் என்றார்கள்.
ஒரு வாசர் என்ன விலை என்று
செங்கலடிக் கடையில் கேட்டேன்.
நாற்பது ரூபாய்.
அன்றைக்கே நான் வாங்கியிருக்கலாம்.

ஆசுபத்திரியில் முதல் கேள்வி,
"எத்தனை மணிக்குக் குடிச்ச?"
குடிக்கவில்லை என்றேன், அவனுக்காக.
"வீட்டில சண்டையா?"
இல்லை.
"கடன்?"
கடன் யாருக்குத்தான் இல்லை.
பொலிஸ்காரர் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.
குடித்தவன் என்று எழுதினால்
விசாரணை அவன் பெண்சாதியோடு முடிந்துவிடும்.
மூச்சு விட்டவன் என்று எழுதினால்
கொழும்பில் பதினோராம் மாடிவரை ஏறவேண்டும்.
ஒன்பது நாள் கிடந்தான்.

கம்பனி கடிதம் போட்டது.
தோட்டம்தான் தங்களுடையதாம்.
எண்ணெய் வேறு கம்பனியின் சரக்காம்.
ஆட்கள் ஒப்பந்தக்காரருடையவர்களாம்.
ஒப்பந்தக்காரர் கட்டாருக்குப் போய் எட்டு மாதம்.
மிஞ்சியது இந்தக் கொப்பி.
அதில் இருபத்திமூன்று பேரும்
பாதுகாப்பாகத்தான் இருக்கிறோம்.

சட்டத்தரணி கேட்டார்,
நீயே எழுதினாய் என்பதற்கு என்ன ஆதாரம்?
வெள்ளைத் தாள் தந்தார்கள்.
ஞானப்பூ என்று எழுதத் தொடங்கினேன்.
கை நடுங்குகிறது ஐயா, மாசியிலிருந்து இப்படித்தான்.
தேநீர்க் கோப்பையையும் இரண்டு கையால்தான் பிடிக்கிறேன்.
ஞா போய் வேறெதுவோ ஆனது.
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து
"பொருந்தவில்லையே" என்று சிரித்தார் அவர்.

சரி.
மைப்பெட்டி இருக்கிறதா?
எட்டாவது வரி, மேகராசாவுக்கு நேரே பாருங்கள்.
பெருவிரலை நீங்களே பிடித்து அழுத்துங்கள்,
நடுங்காமல்.
இரண்டு முறை தோல் உரிந்து வளர்ந்த விரல்.
ரேகை இன்னும் என்னுடையதுதானா என்று
எனக்கும் தெரியவேண்டும்.